குழந்தை மருத்துவப் பரீட்சைக்குக் கேள்வி செய்து படிக்கப் போகிறீர்களா? இதை முதலில் வாசியுங்கள்

மருத்துவ பீடத்தின் இறுதி வருடத்தில் குழந்தை மருத்துவத்துக்கு மட்டும் நான் மூவாயிரத்துச் சொச்சம் எம்.சி.கியூ (கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்கும் கேள்வி) செய்தேன். வெள்ளவத்தையில் போர்டிங் அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும், அதில் ஒவ்வொரு நாளும் எத்தனை கேள்வி என்று எழுதி வைப்பேன். 80, 110, ஒரு போயா விடுமுறை நாளில் 200. பெறுபேறு வந்தபோது மற்றப் பாடங்கள் எல்லாம் பாஸ், குழந்தை மருத்துவம் மட்டும் ரிப்பீட். வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்ல இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் முறை அதில் பாதிகூடச் செய்யவில்லை, ஆனால் வசதியாகவே பாஸானேன். மூளை திடீரென்று வளர்ந்துவிடவில்லை. முதல் முறை நான் கேள்வி செய்தது சரி எத்தனை என்று எண்ணுவதற்காக. இரண்டாம் முறை பிழை விட்ட கேள்விகளைத்தான் படித்தேன். அந்த வித்தியாசத்தைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

கொழும்பில் குழந்தை மருத்துவ அப்பொயின்மென்ட் (வாட்டில் பயிற்சி பெறும் காலம்) தொடங்கப் போகும் தம்பி தங்கைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து மருத்துவச் சபையின் பதிவுப் பரீட்சைக்கு இருப்பவர்களுக்கும், இன்டர்ன்ஷிப் முடித்து பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் டி.சி.எச். டிப்ளோமா, எம்.டி. பட்டம் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் தரம் வேறுபடும், செய்யும் முறை ஒன்றுதான்.

1. வினாத்தாளின் அமைப்பை எழுத்தில் பாருங்கள்

கேள்வி செய்யத் தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பீடத்தின் பரீட்சை ஒழுங்குவிதியையோ மாணவர் கையேட்டையோ எடுத்து, உண்மை/பொய் வகை எத்தனை, ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகை எத்தனை, நேரம் எவ்வளவு, பிழைக்குப் புள்ளி கழிப்பார்களா, கழித்தால் அந்தக் கேள்விக்குள் மட்டுமா அடுத்த கேள்விக்கும் போகுமா என்று உங்கள் கையால் எழுதுங்கள். கட்டமைப்புக் கட்டுரை, ஒஸ்கி (மேசைக்கு மேசை போய்ச் செய்யும் செய்முறைப் பரீட்சை), லோங் கேஸ், ஷோர்ட் கேஸ் (நோயாளியைப் பார்த்துச் சொல்லும் நீண்ட, குறுகிய பரீட்சைகள்) ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சீனியர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள். அவர்களுடைய பட்சுக்கு இருந்த அமைப்பு உங்களுக்கு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான் ‘மைனஸ் இருக்கு, தெரியாததை விட்டுவிடு’ என்ற வாய்வழிச் செய்தியை நம்பி, மைனஸே இல்லாத பகுதியில் பதினொரு கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருந்தாலும் இரண்டு சரியாகியிருக்கும்.

2. சேர்க்க வேண்டிய தாள்கள்

குழந்தை மருத்துவத்தில் பாடப்புத்தகத்தைவிட நாட்டின் தாள்கள் முக்கியம். இவற்றை முதல் வாரத்திலேயே ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்:

- தேசிய தடுப்பூசி அட்டவணை. தொற்றுநோயியல் பிரிவின் இணையத்தளத்தில் இலவசம். கடைசியாக வந்த பிரதிதானா என்று பாருங்கள்.
- பிள்ளை பிறந்தவுடன் தாய்க்குக் கொடுக்கும் வளர்ச்சிப் பதிவேடு, அதாவது கிளினிக்கில் நிறை போடும் அந்தக் கொப்பி. சொந்தத்தில் கைக்குழந்தை உள்ள யாரிடமாவது கேட்டு ஒரு நாள் வைத்திருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். நான் அக்காவின் மகனுடையதை வாங்கினேன்.
- சிறுவர்களுக்கான டெங்கு வழிகாட்டல், சுகாதார அமைச்சு வெளியிட்டது.
- இலங்கை குழந்தை மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டல்கள், உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளுக்கு மட்டும்.
- உங்கள் பீடத்தின் கடந்தகால வினாத்தாள்கள்.
- ஒரு பாடப்புத்தகம். ஒன்றே ஒன்று. இரண்டாவது புத்தகம் வாங்கினால் இரண்டையும் முடிக்க மாட்டீர்கள்.

கடந்தகால வினாத்தாள் விஷயத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கைக்குக் கை வரும் தாள்களில் பெரும்பாலானவை பரீட்சை முடிந்து வந்த மாணவர்கள் நினைவில் இருந்து எழுதியவை. கேள்வி ஓரளவு சரியாக இருக்கும், பக்கத்தில் பேனையால் போட்ட டிக் பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஊகம். எனக்குக் கிடைத்த வினாத்தாள் கட்டிலே அனாஃபிலாக்ஸிஸுக்கு (உயிராபத்தான ஒவ்வாமை) தசையில் ஏற்றும் அட்ரினலின் அளவைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. ஆயிரத்தில் ஒன்று செறிவில் கிலோவுக்கு 0.01 மி.லீ. என்று இருந்திருக்க வேண்டும். கொப்பிக்குக் கொப்பி எடுத்ததில் புள்ளியும் ஒரு பூச்சியமும் மங்கிப்போய், யாரோ ஒரு நல்ல மனிதர் நீலப் பேனையால் 0.1 என்று திருத்தி வைத்திருந்தார். பத்து மடங்கு! அதை அப்படியே பாடமாக்கி வாட்டில் சொன்னபோது ரெஜிஸ்ட்ரார் டொக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இப்படியான வினாத்தாள் கட்டிலே உள்ள எந்த எண்ணையும் மூலத்தில் பார்க்காமல் பாடமாக்க வேண்டாம்.

3. செலவு எவ்வளவு வரும்

பயப்படும் அளவுக்கு இல்லை. பக்கத்துக்குப் பத்து ரூபா என்று வைத்தாலும் 500 பக்கத்துக்கு 5,000 ரூபா, ஸ்பைரல் போட இன்னும் கொஞ்சம். அதிலும் பாதியைப் போனிலேயே வாசிக்கலாம். வினாத்தாளை மட்டும் அச்சில் வைத்திருங்கள், பேனை பிடித்துக் கோடு போட்டுச் செய்வது வேறு மாதிரி மனதில் நிற்கும்.

காசு போவது வெளிநாட்டு இணையக் கேள்வி வங்கிகளுக்குத்தான். விலை டொலரிலோ பவுணிலோ இருக்கும், நாணய மாற்றும் வங்கிக் கட்டணமும் சேர்ந்தால் தளத்தில் பார்த்த தொகையைவிடக் கூடவே கழியும். கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அனுமதி இருக்கிறதா என்று வங்கியிடம் முதலே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மூன்று தரம் அழுத்திவிட்டு வெறுத்துப்போய்ப் படுப்பீர்கள்.

சந்தாவை எப்போது தொடங்குவது என்பதில்தான் காசு மிச்சமாகும். அப்பொயின்மென்ட் தொடங்கிய உற்சாகத்தில் ஆறு மாதத்துக்கு எடுத்தால் முதல் நான்கு மாதம் திறக்கவே மாட்டீர்கள். பரீட்சைத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணி எட்டு வாரத்துக்குப் போதுமான சிறிய பொதியை எடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கு எடுக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. விதிமீறல் என்பது ஒருபக்கம், பரீட்சைக்கு முதல் வாரம் கணக்கைப் பூட்டினால் காசும் போய் நேரமும் போகும்.

மீட்டல் அட்டைக்கு அன்கி என்ற செயலி போதும். கொம்பியூட்டரிலும் அன்ட்ரொய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு கட்ட வேண்டும். ஐபோன்காரர்கள் அதே அட்டைகளை உலாவியில் திறந்து இலவசமாகவே பார்க்கலாம்.

4. வெளிநாட்டுக் கேள்வியை எங்கே நம்புவது, எங்கே நிறுத்துவது

என்னை விழுத்தியதில் பாதி இதுதான். வெளிநாட்டு வங்கியின் விளக்கம் அழகாக இருக்கும், படம் இருக்கும், அம்புக்குறி இருக்கும், ஆகவே மனது அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

தடுப்பூசியை எடுங்கள். நம் அட்டவணையில் பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டவேலன்டும் வாய்வழிப் போலியோவும், 2 மாதத்திலும் 4 மாதத்திலும் ஊசிப் போலியோவின் சிறிய அளவு, 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான முதல் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான ஊசி, 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோவும், 3 வயதில் இரண்டாம் எம்.எம்.ஆர். என்று போகும். இங்கிலாந்து அமெரிக்கக் கேள்வியில் முதல் எம்.எம்.ஆர். ஒரு வயதை ஒட்டித்தான் வரும், ஜப்பானிய மூளையழற்சி வழமையான அட்டவணையில் இருக்காது, பி.சி.ஜி. எல்லோருக்கும் இல்லை. அங்கே சரியான விடை இங்கே பிழை. நம்முடைய பழைய வினாத்தாளிலும் முதல் எம்.எம்.ஆருக்கு ஒரு வயது என்று டிக் இருக்கும், அது அட்டவணை மாறுவதற்கு முந்திய தாள்.

டெங்கு இன்னும் மோசம். வெளிநாட்டு வங்கியில் டெங்குக் கேள்வி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுவும் பயணம் போய் வந்தவருக்கு. நமக்கோ கசிவுக் கட்டம் (இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும் நேரம்), திரவக் கணக்கு, ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் வீதம்) எல்லாம் சோறு மாதிரி. ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 20 கிலோ பிள்ளை, அதிர்ச்சி இல்லை, கசிவு தொடங்கியிருக்கிறது. பராமரிப்புத் திரவம் முதல் 10 கிலோவுக்கு 1000, அடுத்த 10 கிலோவுக்கு 500, ஆக 1500 மி.லீ. அதோடு உடல் நிறையின் 5 சதவீதத்துக்கு, கிலோவுக்கு 50 மி.லீ. படி 1000 மி.லீ. மொத்தம் 2500 மி.லீ. இது முழுக் கசிவுக் கட்டத்துக்கும், அதாவது 48 மணித்தியாலத்துக்கும் உரிய பங்கு. பராமரிப்பு என்றால் ஒரு நாளுக்கு என்றே பழகியிருப்பதால் 24 மணித்தியாலத்தில் கொடுப்பதாக எண்ணி மணிக்கு எத்தனை மி.லீ. என்று பிரித்துவிடுவோம். நானும் பிரித்தேன். தாளில் ஒரு புள்ளி போனது, வாட்டில் என்றால் பிள்ளையின் நெஞ்சில் நீர் கட்டியிருக்கும்.

அலகும் கவனம். குளுக்கோஸ் மில்லிமோலில் 2.2 என்று வந்தால் அதை 18ஆல் பெருக்குங்கள், டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 40 மி.கி. பிலிருபின் மைக்ரோமோலில் 340 என்றால் 17ஆல் வகுக்க டெசிலீட்டருக்கு 20 மி.கி. இந்த இரண்டு எண்ணையும் கொப்பி மட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மற்றப்படி வெளிநாட்டு வங்கிகள் நல்லவை. புதிதாய்ப் பிறந்த குழந்தை, இதயக் குறைபாடு, வலிப்பு, சிறுநீரகம், அறுவைச் சிகிச்சைக்குப் போகும் வயிறு எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். அங்கே கூடுதலாகவும் இங்கே அரிதாகவும் காணும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க் கேள்வி ஐம்பது வந்தால் பத்தைச் செய்துவிட்டு, மிச்ச நேரத்தைத் தலசீமியாவுக்குக் கொடுங்கள்.

5. ஒரு கேள்வியை எப்படிச் செய்வது

விடைகளைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் வாசியுங்கள். கடைசி வரியை முதலில் வாசிப்பது இன்னும் நல்லது, என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போகலாம். மனதில் ஒரு விடை வந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

நான் விழுந்த கேள்வி ஒன்றை அப்படியே தருகிறேன். 5 வார ஆண் குழந்தை, வீட்டில் முதல் பிள்ளை. பால் குடித்ததும் பீறிட்டு வாந்தி, பித்தம் இல்லை, வாந்தி எடுத்த கையோடு மறுபடி பசியில் அழுகிறது. கண் உள்ளே போயிருக்கிறது. இரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைவு, பைகார்பனேட் கூடுதல். ஸ்கானில் பைலோரஸ் (இரைப்பையின் வெளிவாசல்) தடித்திருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

பைலோரிக் ஸ்டெனோசிஸ், அதாவது அந்த வாசல் ஒடுங்கிய நோய் என்று இரண்டாம் வரியிலேயே பிடித்துவிட்டேன். பிடித்த சந்தோஷத்தில் உடனே சத்திரசிகிச்சை என்று அடித்தேன். பிழை. முதலில் நீரிழப்பையும் உப்புகளையும் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் தியேட்டர். இது அவசரச் சத்திரசிகிச்சை இல்லை, அல்கலோசிஸ் (இரத்தத்தில் காரத்தன்மை கூடிய நிலை) சரியாகாமல் மயக்கமருந்து கொடுத்தால் பிள்ளை மூச்சை நிறுத்தலாம். கேள்வியில் ‘நெக்ஸ்ட்’ என்று இருந்தது, நான் அதை ‘டெஃபினிட்டிவ்’ (முடிவான சிகிச்சை) என்று வாசித்திருக்கிறேன். நோய் தெரியும், சிகிச்சையும் தெரியும், ஒரு சொல்லில் புள்ளி போனது.

முதல் முறை என்றால் விளக்கத்தைப் பார்த்து ‘ஓ சரி’ என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இரண்டாம் முறை அங்கேயே நின்று கேள்வியைத் திருப்பிப் பார்க்கப் பழகினேன். வாந்தி பச்சையாக இருந்தால்? அப்போது மால்ரொட்டேஷனும் வொல்வியுலஸும் (குடல் இடம் மாறி முறுக்கிக்கொள்வது), அது உண்மையிலேயே அவசரம், குடல் செத்துவிடும். வயது 8 மாதமாக இருந்து, விட்டுவிட்டுக் காலை மடக்கி அழுது, மலம் சிவப்பு ஜெலி மாதிரிப் போனால்? இன்டஸ்ஸஸெப்ஷன், குடலுக்குள் குடல் நுழைவது. 2 வாரக் குழந்தை, வாந்தி, சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால்? அட்ரினல் ஹைப்பர்பிளேசியா என்ற பிறவி ஹோர்மோன் குறைபாட்டின் உப்பிழப்பு, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி நாலு கேள்வியாகிவிட்டது, புதிதாக ஒரு பக்கமும் திறக்கவில்லை.

இப்படிச் செய்தால் மெதுவாகத்தான் போகும். 40 கேள்வி செய்ய ஒரு மணித்தியாலம், திரும்பிப் பார்க்க இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டைச் சுருக்கி முதல் ஒன்றைப் பெருப்பித்ததுதான் என் சுவர்க் கலண்டர்.

ஐந்து விடையில் மற்ற நான்கும் ஏன் பிழை என்று வாயால் சொல்ல முடியாவிட்டால், விடை சரியாக வந்தாலும் அதைப் பிழை என்றே குறியுங்கள். அதிர்ஷ்டத்தில் வந்த சரி ரொம்ப ஆபத்தானது.

6. பிழைக் கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். பிழை விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி, அதுவும் உங்கள் வார்த்தையில். விளக்கத்தைப் பார்த்து எழுதினால் பிரயோசனம் இல்லை. நான் தமிழில்தான் எழுதினேன், பரீட்சை இங்கிலிஷ் என்றாலும் தமிழில் எழுதும்போது விளங்கியதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். சில வரிகள்:

‘பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் செங்கமாரி என்றால் எப்போதும் நோய். சாதாரணம் என்று விடாதே.’

‘நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாள் தாண்டியும் செங்கமாரி, மலம் வெளிறி இருந்தால் பித்தநாளம் பார். நாள் போகப் போக ஒப்பரேஷன் பலன் குறையும்.’

‘ஒரு வயதுக்கு முன் வலக்கை இடக்கை என்று ஒரு கையையே பாவித்தால் அது கெட்டித்தனம் இல்லை, மற்றக் கையைப் பார்.’

‘குறைமாதப் பிள்ளை: வளர்ச்சிக்கு வயதைத் திருத்து, ஊசிக்குத் திருத்தாதே.’

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். 8 வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இப்போது 6 மாதம் என்றால், தானாக இருக்கவில்லையே என்று கவலைப்படுமுன் 4 மாதப் பிள்ளை என்று எண்ணிப் பார்க்க வேண்டும், ஆனால் தடுப்பூசி பிறந்த தேதிப்படியே போகும். இந்த இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்து கேட்பார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியவே தெரியாது என்றால் ‘தெ’, வாசித்ததில் பிழை என்றால் ‘வா’, இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறினால் ‘த’. இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். எனக்கு ‘வா’ பாதிக்குக் கிட்ட வந்தது. அதுவரை ‘எனக்குப் பாடம் போதாது’ என்று நினைத்து இன்னும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தேன், நோயோ வேறு, மருந்தோ வேறு. ‘எக்ஸெப்ட்’, ‘லீஸ்ட்’, ‘இனிஷியல்’, ‘மோஸ்ட் லைக்லி’ போன்ற சொற்களைப் பேனையால் சுற்றி வளைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பிழை கிட்டத்தட்ட நின்றுபோனது. ‘தெ’ கூடுதலாக வந்தால் மட்டும் புத்தகத்துக்குப் போங்கள். ‘த’ கூடினால் அந்த இரண்டு நோயையும் பக்கம் பக்கமாக வைத்து வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்.

கொப்பியை மறுநாள் காலை ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை புரட்டினால் போதும். நான் 154 பஸ்ஸில் பொரளைக்குப் போகும் வழியில் புரட்டுவேன். இருக்கை கிடைத்தால்.

7. எண்களைத் தனியாகப் பிடியுங்கள்

பெரியவர்களின் மருத்துவத்தில் இல்லாத தலையிடி இது. வயதுக்கு வயது எல்லாம் மாறும். வளர்ச்சிப் படிகள், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், மருந்தின் அளவு. அட்டவணையாகப் பாடமாக்கினால் மூன்று நாளில் போய்விடும். வளர்ச்சிப் படிகளுக்கு ஒரு பிள்ளையைப் பிடியுங்கள். அக்காவின் மகன் ஒன்பது மாதத்தில் சோற்றுப் பருக்கையை இரண்டு விரலால் பொறுக்கி எடுத்தான், அதில் இருந்து ‘பின்சர் கிரிப் 9 மாதம்’ என்பதை நான் மறந்ததே இல்லை. 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் பார்க்க வேண்டும், 8 வாரமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால் பார்க்க வேண்டும். பரீட்சையில் சராசரி வயதைவிட இந்த எல்லைகளைத்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

பரசிட்டமோல் கிலோவுக்கு ஒரு தடவை 15 மி.கி. போன்ற கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள். மண்டபத்துக்குள் அதை விடுவார்களா என்பதையும் முதலாம் படியிலேயே பார்த்து வைத்திருங்கள்.

8. வாட்டில் பார்த்த பிள்ளையும் அன்றிரவுக் கேள்வியும்

காலையில் வாட்டில் நெஃப்ரோட்டிக் (சிறுநீரில் புரதம் போய் உடல் வீங்கும் நோய்) பிள்ளை ஒன்றைப் பார்த்தால் அன்றிரவு நெஃப்ரோட்டிக் கேள்வி பத்துச் செய்யுங்கள். கண் வீங்கிய முகம் ஒன்று மனதில் இருக்கும்போது பிரட்னிசொலோன் சதுர மீட்டருக்கு 60 மி.கி., பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 40 என்பது தானாக ஒட்டிக்கொள்ளும். சீமாட்டி ரிஜ்வே மாதிரிப் பெரிய சிறுவர் வைத்தியசாலைகளில் ஒரு வாரத்தில் பார்க்கும் நோய்களைப் பல நாட்டு மாணவர்கள் ஒரு வருடத்திலும் பார்ப்பதில்லை, அதை விட்டுவிட்டு அறைக்குள் இருந்து திரையைப் பார்ப்பது வீண்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். சிங்களம் வராது என்று தாய்மாரோடு கதைக்கப் பின்வாங்க வேண்டாம். ‘உண’ என்றால் காய்ச்சல், ‘வமனய’ என்றால் வாந்தி, ‘கஸ்ஸ’ என்றால் இருமல் என்று இருபது சொல்லோடு தொடங்கினேன். மிச்சத்தைத் தாய்மாரே சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தார்கள்.

9. பன்னிரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 4 வாரம்: தலைப்பு வாரியாக, நாளுக்கு 20 முதல் 25 கேள்வி. நேரம் பார்க்க வேண்டாம், புத்தகம் பக்கத்தில் திறந்தே இருக்கலாம். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள், எல்லோரும் பயந்து கடைசிக்குத் தள்ளும் பகுதி அதுதான்.

அடுத்த 5 வாரம்: தலைப்புகளைக் கலந்து, நாளுக்கு 40. இங்கே புள்ளி விழும். தலைப்புத் தெரிந்து செய்யும்போது பாதி விடை தலைப்பிலேயே இருக்கிறது, கலந்ததும் அந்த உதவி போய்விடும். 75 வீதத்தில் இருந்த நான் 58க்கு வந்து மூன்று நாள் கொப்பியைத் தொடவில்லை. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், விழுவது வழமை.

கடைசி 3 வாரம்: வாரத்தில் இரண்டு முழுத்தாள், உண்மையான நேரக் கணக்கில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. பரீட்சை காலை ஒன்பதுக்கு என்றால் இதையும் காலை ஒன்பதுக்கே செய்யுங்கள். மற்ற நாட்களில் பிழைக் கொப்பி மட்டும். இந்த மூன்று வாரத்தில் புதிய கேள்வி வங்கி எதையும் திறக்காதீர்கள், யார் எவ்வளவு புகழ்ந்தாலும்.

கட்டமைப்புக் கட்டுரைக்கும் ஒஸ்கிக்கும் வேறு பயிற்சி வேண்டும், எம்.சி.கியூ செய்தால் அதுவும் தானாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு பின்னேரத்தை அதற்கென்று ஒதுக்கி, ஒருவர் பரீட்சகராக இருந்து மற்றவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

10. வாட்சப் குழு

மூன்று பேருக்கு மேல் வேண்டாம். எங்கள் குழுவில் 46 பேர், ஒரு நாளைக்கு இருநூறு செய்தி, அதில் நூற்றியெண்பது ‘மச்சான் இதுக்கு விடை பி தானே?’ இரண்டாம் முறை நானும் இன்னும் இரண்டு ரிப்பீட்காரர்களும் மட்டும் ஞாயிறு காலையில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு மேல்மாடியில் இருந்து, அந்த வாரத்தில் பிழை விட்ட பத்துக் கேள்விகளை ஆளுக்கு ஆள் கேட்போம். விடை சொன்னால் போதாது, ஏன் என்று சொல்ல வேண்டும். ‘புத்தகத்தில் இருக்கு’ என்பவர் அன்றைக்குத் தேநீர் போடுவார்.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு வரும் ‘லீக்’ தாளைத் திறக்காதீர்கள். உண்மையாக இருந்தால் அது குற்றம், பொய்யாக இருந்தால் உங்கள் தூக்கம் போகும்.

11. மண்டபத்துக்குள்

அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் முதல்நாளே பையில் இருக்க வேண்டும். காலி வீதி நெரிசலை நம்ப முடியாது, அரை மணித்தியாலம் முந்தியே போய்விடுங்கள்.

முதல் விடையை மாற்றுவதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கேள்வியில் முதலில் கவனிக்காத ஒரு சொல்லை இப்போது கண்டால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்ற வேண்டாம். உண்மை/பொய் வகையில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வந்தால் இரண்டாம் தரம் வாசியுங்கள், மருத்துவத்தில் அப்படி அடித்துச் சொல்லக்கூடியவை குறைவு. ஆனால் மேலே சொன்ன 24 மணித்தியாலச் செங்கமாரி மாதிரி ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கின்றன.

விடைத்தாளில் பத்துக் கேள்விக்கு ஒருமுறை இலக்கத்தை விரல் வைத்துச் சரிபாருங்கள். நான் 31ஐப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு 32இன் விடையை 31இல் நிழலிட்டு, 44 வரை அப்படியே போய், முடிய ஏழு நிமிடம் இருக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். கையில் இருந்தது பென்சில் நுனியில் உள்ள அந்தக் கறுத்துப்போன ரப்பர். தாள் கிழிந்தது. பென்சில் இரண்டு, வெள்ளை அழிறப்பர் ஒன்று, புதிதாக வாங்கிக்கொண்டு போங்கள்.